கோசோ குடித்த வீடு

எங்கள் தெப்ரெ தாபோரில்
எல்லோர் வயிற்றிலும் ஒரு நாடாப்புழு குடியிருக்கிறது.
பச்சை மாட்டிறைச்சிக்கு நாங்கள் கட்டும் வரி அது.
பணக்காரனுக்கு நீளம்.
எனக்குக் கொஞ்சம் குட்டை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கோசோப் பூ.
மலைமேல் பெண்மரத்தில்
சிக்கெடுக்காத செம்பட்டைச் சடையாகத் தொங்கும்.
ஆண்மரத்துப் பூவைக் கலந்து விற்கிற சந்தைக்காரிக்குப்
புழுவே சாபம் விடட்டும்.

முந்தின இரவு பட்டினி.
காய்ந்த பூவைக் கல்லில் அரைத்து
என் கடைத் தெல்லாவிலேயே கரைத்து
சேவல் கூவுமுன் ஒரே மடக்கு.
மூக்கைப் பிடித்துக்கொண்டால்
கசப்பு காது வழியாக வரும்.
அப்புறம் நடப்பது
கொல்லைப்புறத்துக்கும் எனக்கும்.

ஆனால் அந்தப் பகல் இருக்கிறதே!
"கோசோ குடித்திருக்கிறார்" என்று
வாசலில் ஒரு பிள்ளை சொன்னால் போதும்.
கடன் கேட்டு வந்தவன்
கழுதையைத் திருப்பிக்கொள்வான்.
நீதிபதி வாய்தா கொடுப்பார்.
நாத்தனார் கூட
தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுப் போவாள்.

மறைப்பானேன்,
என் கணக்கில் பாதி கோசோ பொய்.
தெல்லா காய்ச்சிப் பிழைக்கிறவளுக்கு
வேறெப்படி ஒரு பகல் கிடைக்கும்?
கதவைச் சாத்திவிட்டு
கூரை ஓட்டையில் வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடி
மல்லாந்து கிடப்பேன்.
நானும் புழுவும் ஓய்வெடுப்போம்.

பிறகு மாடுகளுக்கு நோய் வந்தது.

ஒரே மழைக்காலத்தில்
உழவுமாடு, பால்மாடு, கன்று, எல்லாம்.
ஏர் பூட்ட ஆளே நுகத்தடியில் நின்றான்.
சந்தையில் கோசோப் பூவைக்
கேட்பாரில்லை, விலை பாதியானது.
இறைச்சி தின்னாத ஊரில்
புழு எங்கிருந்து வரும்?

ஆனாலும் பக்கத்து வீட்டில்
சேணம் தைக்கிற பெசாபிஹ்
அந்த மாதம் மூன்றாம் முறையாகக்
கோசோ குடித்திருந்தான்.

வாசலில் அவன் மகள் அஸ்லெபெச்.
"அப்பா கோசோ குடித்திருக்கிறார்."
அம்மா?
"அம்மாவும்."
நீ?
கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினாள்.
"நானும்."

கோசோ குடித்த பிள்ளை
வாசலில் இவ்வளவு நேரம் நிற்காது.

அவர்கள் கூரையைப் பார்த்தேன்.
புகை இல்லை.
கோசோ குடித்த வீட்டில் அடுப்பெரியாதுதான்,
யாரும் கேட்கவும் மாட்டார்கள்.
கெட்டிக்காரன்.

கோசோ இறங்கிய மாலையில்
ஆளிவிதைக் கஞ்சி கொடுப்பது எங்கள் முறை.
முறையை எவன் மறுக்க முடியும்?
ஆளிவிதை ஒரு பிடி.
அதற்கடியில் பார்லி மாவை
ஒரு திருடியைப் போல ஒளித்துக் கிண்டினேன்.
மூன்று வயிற்றுக்கு வேண்டியது,
மருந்தென்று சொல்லக்கூடிய அளவுக்குத் தண்ணீராக.

கதவு ஒரு கை அகலம் திறந்தது.
உள்ளிருட்டிலிருந்து அவன் குரல்:
"இந்தத் தடவை பூ ரொம்ப வீரியம், யெஷிமெபெட்."
"பெண்மரத்துப் பூவாயிருக்கும்" என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம்
அந்தப் பூவைப் பற்றியே பேசினோம்.

மறுநாள் சட்டி திரும்பி வந்தது,
விளக்கி, துடைத்து,
அடியில் ஒரு கொத்து அருவதா.
காப்பியில் போட.
ஆதாமின் சுகம் என்று அதற்கு எங்கள் மொழியில் பேர்.
காப்பிதான் இல்லை.
வெந்நீரில் போட்டுக் குடித்தேன்.

குதிருக்குள் கைவிட்டால்
முழங்கை வரை ஏறிய பார்லி
இப்போது மணிக்கட்டோடு நிற்கிறது.
அடுத்த வாரம்
நானும் கோசோ குடிக்க வேண்டியிருக்கும்.
வாசலில் நின்று சொல்ல எனக்குப் பிள்ளை இல்லை.
அஸ்லெபெச்சைத்தான் கேட்க வேண்டும்.
அவளுக்கு நன்றாகச் சொல்ல வருகிறது.