மரம் எண் 214

நன்மங்கலம் காப்புக்காட்டு வேலியோரம்
சாலை அகலமாகப் போகிறது.
வெட்டுமுன் எண்ண வேண்டும் என்பது விதி.
எண்ணுகிறவள் நான்.
அளவு நாடா, மஞ்சள் பெயின்ட் டப்பா,
ஒப்பந்தக்காரர் கொடுத்த டேப்லெட்.
அதில் 'இனம்' என்ற கட்டத்தைத் தொட்டால்
வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி, வேலிக்காத்தான்,
கடைசியில் 'மற்றவை'.

இருநூற்றுப் பதினான்கும் அதில்தான் விழுந்திருக்கும்.
இடுப்பில் குத்தியதால் நின்றேன்.
இலைக் கக்கத்தில் முள்.
தடித்த இலை, நுனியில் மட்டும்
யாரோ நகத்தால் கிள்ளியெடுத்த மாதிரி ஒரு பள்ளம்.
கசக்கினேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

சொல்ல மறந்துவிட்டேன்,
இரண்டாவது அலையில் போன வாசனை
எனக்கு இன்னும் திரும்பவில்லை.
கேஸ் கசிந்தால் எதிர்வீட்டுக்காரி வந்துதான் சொல்கிறாள்.
அவள் பெயர் பரிமளா. நான் வைத்த பெயரில்லை.

அதனால் இலையை ஏந்திக்கொண்டு
ஆள் ஆளாய்க் கேட்டேன்.
ஜேசிபி ஓட்டும் சுக்ராம் இழுத்து முகர்ந்து
"நிம்பு. இல்ல, ஃப்ளோர் கிளீனர்" என்றான்.
ஸ்கூட்டியை நிறுத்திய ஒருத்தி, ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் தூக்கி,
"நாரத்தை இலைங்க. கூட எதுவோ காரம்."
டீக்கடை தேசம்மாள் முகரவே இல்லை.
"காட்டெலுமிச்சம்மா அது. எலுமிச்ச கிலோ எரநூறு வித்தப்ப
இதத்தான் உப்புல ஊறப் போட்டு ஓட்டுனேன்.
தயிர்சோறு வாங்குன ஒருத்தனும் கேக்கல."
எலிப்பொறியோடு போன கன்னியப்பன்
காயை விரலால் நசுக்கிப் பார்த்தான்.
"பழுக்கட்டும். எண்ண எறக்குவோம், முட்டிவலிக்கு.
சின்ன பாட்டில் எரநூத்தம்பது. வேணுமா?"
முட்டி எனக்கும் வலிக்கத்தான் செய்தது.
நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.
மரம் அதுவரை இருக்குமா என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூக்கு இல்லாதவள் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.
இலையை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
ஊசியால் குத்தியது போல்
நூறு நூறு புள்ளியாய் வெளிச்சம் உள்ளே வந்தது.
எண்ணெய்ப் பைகள். அப்படியென்றால் எலுமிச்சைக்குப் பங்காளி.
விளாவானால் ஒரு காம்பில் ஐந்தாறு சிற்றிலை இருக்கும்.
இதற்கு ஒற்றை.
கொஞ்சியானால் முள் இருக்காது,
பழமும் இளஞ்சிவப்பாய் மினுங்கும்.
இதற்குக் காய் கோலிக்குண்டு அளவு, பச்சை,
பிளந்தால் நாலே நாலு சுளை.

கிளையில் இன்னொரு சாட்சியும் இருந்தது.
காக்கை எச்சம் மாதிரி வேடம் கட்டிய புழு
இலை விளிம்பைத் தின்றுகொண்டிருந்தது.
தொட்டதும் கழுத்திலிருந்து இரண்டு கொம்பு நீட்டியது.
நாறும் என்பார்கள். எனக்கு அது வெறும் ஆரஞ்சு.
இதன் தாய் முட்டை வைக்குமுன்
காலால் இலையை ருசி பார்த்திருப்பாள்.
அவளுடைய படிவத்தில்
'மற்றவை' கிடையாது.

குருந்து.

மாயவன் ஒசித்தான் என்று
கோயிலில் கேட்ட மரம்.
முள் குத்தியதா என்று யாரும் சொன்னதில்லை.

'மற்றவை'யைத் தொட்டேன்.
'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் திறந்தது.
தட்டினேன்:
குருந்து. முள் உண்டு. ஊறுகாய்க்கு ஆகும். முட்டிக்கு எண்ணெய். புழு இரு
அதற்குமேல் எழுத்து ஏறவில்லை.
'சேமிக்கப்பட்டது' என்றது.

பட்டையில் 214 என்று மஞ்சளாய் எழுதினேன்.
பெயின்ட் வழிந்து நாலுக்குக் கால் நீண்டது.

மேடவாக்கம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பார்த்தாள்.
கண்ணை மூடி
ஒருமுறை மூச்சை இழுத்தாள்.