தலைகீழ்க் குடை

கிளைக்கு அடியில் குடையைத் தலைகீழாய்ப் பிடிக்க வேண்டும்.
பத்துத் தட்டு. அதற்கு மேல் கூடாது.
பதினொன்றாவது தட்டில் விழுவது
கணக்கில் வராது என்பாள் மெஹருன்.
வாணியம்பாடிக்காரி, ஆராய்ச்சி மாணவி.
நான் குடை பிடிக்கிற ஆள்.
நாள் கூலி அறுநூறு, மதியச் சோறு அவளோடு.

ஓரசோலைக்கு மேலே
தவிட்டுப்பழப் புதரில் தொடங்குவோம்.
தட்டினால் விழும்
மரப்பாசித் தூள், காய்ந்த பூக்காம்பு,
எண்ணுவதற்குள் எகிறிப் போகிற தத்துப்பூச்சி,
விழ மனமில்லாமல் நூலில் தொங்கும் ஒரு பச்சைப் புழு.
பிறகு ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றும் இல்லாததைத்தான்
அவள் குனிந்து பார்ப்பாள்.
"போஜண்ணா, அந்தச் சுள்ளி."
எந்தச் சுள்ளி?
"மூச்சை அந்தப் பக்கம் விடுங்க."

அரை நகம் இருக்கும்.
முன்னங்கால் நான்கையும் சேர்த்து நேராய் நீட்டி,
பின்னங்காலால் பற்றிக்கொண்டு,
பட்டையில் பட்டை நிறமாய்,
வயிற்று நுனியில் விரியாத மொட்டின் கூர்.
நண்டுச் சிலந்தி.
வலை கட்டாது.
விழுந்தால் தொங்க ஒரு நூல், அதுதான் கையிருப்பு.
எறும்பு போகிற கிளையில்
எறும்புக்கு இன்னொரு கிளையாய் இருக்கும்.

ஒருநாள் முழு மதியம் பார்த்தேன்.
ஓர் எறும்பு அதன் காலில் ஏறிப் போய்த் திரும்பியது.
அது அசையவில்லை.
மீண்டும் ஏறியது.
வழி என்று நம்பிப் போனது வாய்.

அதன் பேரினத்துக்கு ஒரு பெயர் உண்டு.
எழுதிக் காட்டினாள்.
ட மேல் புள்ளி வைத்து, பக்கத்தில் மா.
"மெய்யெழுத்தில் சொல் தொடங்காதே" என்றேன்.
கட்டபெட்டு பள்ளியில் எட்டாவது வரை படித்ததில்
இன்னும் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.
"இதுக்குத் தொடங்குதுண்ணா."
பெயர் மெய்யில் தொடங்குது,
பிழைப்பு மொத்தமும் பொய்யில் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பேனாவை எடுத்து, மூடி, மறுபடி திறந்தாள்.

சீகை அந்நிய மரம்,
சோலையைத் தின்கிற மரம்,
வெட்டத்தான் வேண்டும் என்று
காலையில்தான் சொல்லியிருந்தாள்.
அடுத்த வாரம் வெட்ட டெண்டர் விட்டாயிற்று.
தவிட்டில் நான்கு கிடைத்தது.
சீகையில் பத்துத் தட்டுக்குப் பதினாறு.
இரண்டு தரம் எண்ணினாள்.
மூன்றாம் தரம் என்னை எண்ணச் சொன்னாள்.
பதினாறுதான்.

அப்போது மழை வந்தது.
கோத்தகிரி மழை சொல்லிக்கொண்டு வராது.
இருப்பது ஒரே குடை,
அதுவும் வானம் பார்த்து வாயைத் திறந்து,
உள்ளே பதினாறு சுள்ளிகள்.
புட்டிகளோ ஜீப்பில்.
அவள் ஒரு பக்கம் குனிந்தாள், நான் ஒரு பக்கம்.
தலையோடு தலை முட்ட
குடைக்கு நாங்கள் குடை பிடித்தோம்.
முதுகில் வழிந்த தண்ணீர்
அரைஞாண் கயிறு வரை போனது.
ஒன்றும் பேசவில்லை. ஒருமுறை மட்டும்,
"டெண்டர்ல கையெழுத்து ஆயிடுச்சாண்ணா?"
எனக்கு எப்படித் தெரியும்.

ராத்திரி வீட்டில் காயவைக்கக் குடையை விரித்தேன்.
"வீட்டுக்குள்ள விரிக்கிறியே" என்றாள் மாதி.
மடக்கப் போனவன் நின்றேன்.
மூன்றாவது கம்பியில், துரு மாதிரி, நீளமாய் ஒன்று.
கால் நான்கையும் நீட்டி
இரும்பையும் கிளை என்று நடித்துக்கொண்டிருந்தது.
எத்தனையாவது தட்டில் விழுந்ததோ.
சர்க்கரை டப்பாவிலிருந்து
எறும்புச் சாரி குடைப் பிடிக்குத் திரும்பியிருந்தது.
விளக்கை அணைத்தேன்.

காலையிலும் மழை.
உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.
தூரத்தில் ரம்பம் கேட்க ஆரம்பித்திருந்தது,
ஒரு வாரம் முன்னதாகவே.
மெஹருன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என் கையைப் பார்த்தாள்.
"குடை எங்கேண்ணா?"

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன்:
அதுல ஆள் இருக்கு.