மாற்றுப் பேருந்து இங்கே

மஞ்சள் சட்டை போட்டவனிடம் ஊரே வழி கேட்கும்.
பெர்லினில், ஒரு ஜூன் செவ்வாய், பகல் இரண்டு மணியிலிருந்து
அந்தச் சட்டைக்குள் நான் இருந்தேன்.

போடின் தெருவில் கழிவுநீர்க் குழாயைத் தேடித் தோண்டியவர்கள்
கால் டன் எடையுள்ள குண்டைக் கண்டுபிடித்திருந்தார்கள்.
எண்பது வருடத் துரு தின்றும் தீராத குண்டு.
வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள்.
உள்ளே ஒரு பள்ளிக்கூடம், ஏழு ரொட்டிக்கடை,
முதியோர் இல்லம், என் பல் வைத்தியர்.
எட்டாம் தடத்து ரயில் அந்த வட்டத்தின் அடியில் ஓடுவது.
ஓடவில்லை.

ஷோன்லைன் தெரு நிலையத்தின் படிகள் ஆட்களைக் கொட்டின.
எல்லோருக்கும் ஒரே கேள்வி: எவ்வளவு நேரம்?
என் கையிலிருந்த தாளில் ஒரே பதில்: காலவரையின்றி.
முதல் ஆளிடம் அதை அப்படியே படித்தேன்.
அவர் பார்த்த பார்வைக்குப் பயந்து
அடுத்தவரிடம் அரை மணி என்றேன்.
அதற்கடுத்தவரிடம் ஐந்துக்குள்.
பொய் நன்றாக வேலை செய்தது.
தோளைக் குலுக்கிவிட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

கழிப்பறை மூடியைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்.
இரவுப் பணிக்குப் போகும் செவிலி, நின்றபடியே தூக்கம்.
"நாலு மணிக்கு எனக்கு விவாகரத்து" என்றாள்
யோர்டிஸ் என்கிற பெண், கடிதத்தை நீட்டி,
நான்தான் நீதிபதி என்பதுபோல.
"இதைத் தவறவிட்டால் செப்டம்பர்வரை அவன் மனைவி."
அவளுக்கு ஏழு ஆள் பின்னால்
அதே நீலக் கடிதத்தால் விசிறிக்கொண்டு ஒருவன்.
இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள்.
அவன் கம்பியைப் பிடித்தான். அவளும் அதே கம்பியை.
வேறு கம்பி காலியாக இல்லை.

ஓட்டுநர் செவ்கி ஷ்பாண்டாவிலிருந்து வரவழைக்கப்பட்டவள்.
இந்தப் பக்கத்துச் சந்து அவளுக்கு எதுவும் தெரியாது.
"இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று பேருந்தே கத்தியது.
வலப்பக்கம் திருப்பினாள். அங்கேயும் தடுப்பு.
முகக்கண்ணாடி ஒரு மிதிவண்டியை உரச, பின்னோக்கி வந்தாள்.
அந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது,
யார் யாருக்கு என்ன ஆனது, எனக்குத் தெரியாது.

மாலையில் வெறும் காத்திருப்பு.
வட்டத்துக்கு வெளியே வந்த பூனைக்கூடைகள், தலையணைகள்,
தடுப்புக் கம்பியில் காலை மாட்டி ஐஸ்கிரீம் தின்ற பிள்ளைகள்.
ஒன்பதரைக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம்.
கைபேசிகள் ஒன்றுசேர அதிர்ந்தன: எடுத்துவிட்டார்களாம்.
யாரோ கைதட்டினார்கள். இரண்டு தட்டு. நின்றுவிட்டது.
ரயில் நாளைக் காலைதான், என்றது அடுத்த வரி.
உடனே என்னைத் திட்டத் தொடங்கினார்கள்.

பத்தே காலுக்கு ஒருவர் வந்தார்.
முழங்கால்வரை களிமண். தோளில் துணிப்பை.
சற்றுமுன் செய்தியில் பார்த்த முகம்:
படத்தில், திருகி எடுத்த துருப்பிடித்த திரியைத்
தக்காளி விற்பவர்போல் உள்ளங்கையில் வைத்திருந்தார்.
"பத்து நான்குக்கு வர வேண்டிய பேருந்து" என்றார் என்னிடம்,
"இன்னும் காணோம். பதினொரு நிமிடம்.
இதெல்லாம் ஒரு நிர்வாகமா?"

மன்னிப்புக் கேட்டேன்.
இரண்டே நிமிடம் என்றேன், வழக்கம்போல வாய்க்கு வந்ததை.

இரண்டாவது நிமிடத்தில் திருப்பத்தில் விளக்குகள்.
செவ்கி. சரியான தெருவிலிருந்து.
அவர் ஏறினார். உட்கார இடமில்லை.
யாரும் எழுந்திருக்கவில்லை.
சேற்றுக்காலை மிதிக்காமல்
ஒரு பெண் மட்டும் சற்று நகர்ந்து நின்றாள்.