இடது முன்சில்லு

ஜனவரியில் வெறும் கீச்சு.
மார்ச் பிறந்ததும்
சட்டியடியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்.
விடியப்புறம் மூன்றே முக்காலுக்கு
ஹாவுட் அவெனியூ முழுக்க உறங்கும்போது
நான் பேக்கரிக்குப் போகிறேன் என்று
கார் ஏஜாக்ஸ் நகரத்துக்கே சொல்லிக்கொண்டு போனது.

கராஜில் கேட்டேன்.
காரைத் தூக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை,
கணினியைப் பார்த்துச் சொன்னான் ஒருவன்:
தொள்ளாயிரத்து நாற்பது, வரி தனி.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.
யோசித்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பதைப்
பணிஸ் தட்டுகளால் வகுத்துப் பார்த்தேன்.

பிறகு காது கொடுத்தேன்.
ரயில் நிலையத் தரிப்பிடத்தின் நீளச் சுவரோரம்
கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஊர்ந்தேன்.
வலப்பக்கம் சுவர் வந்தபோது ஒன்றுமில்லை.
திரும்பி வந்தேன். இடப்பக்கம்
சுவர் கத்தியது.
மெல்ல மிதித்தால் கத்தும், அழுத்தினால் உறுமும்,
பின்னால் எடுத்தால் மட்டும்
நல்ல பிள்ளை.

ஏப்ரல் ஞாயிறு, வெயில், ஏழு பாகை.
குடியிருப்பு விதிப்புத்தகம், பதினான்காம் பக்கம்:
தரிப்பிடத்தில் வாகனம் திருத்தலாகாது.
படித்திருக்கிறேன்.
விதி எழுதினவர்களும் ஞாயிறு காலை தூங்குவார்கள்.

சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினேன்,
திறப்பின்மேல் ஏறி நின்று.
ஐம்பத்திரண்டு கிலோ எதற்காவது உதவட்டும்.
பிறகுதான் ஜக். ஜக்கை நம்பாமல் தாங்கி.
தாங்கியையும் நம்பாமல்
கழற்றிய சில்லைக் காருக்கடியில் படுக்கப்போட்டேன்.
நம்பிக்கையை நான் மூன்றடுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

கலிப்பரை அவிழ்த்து
உடுப்புக் கொழுவியின் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன்,
குழாயில் பாரம் விழக்கூடாது.
வெளிப்பக்கக் கட்டை கையோடு வந்தது.
பாதிக்குமேல் மிச்சம்.
இதற்கா இவ்வளவு கத்தல் என்று கோபம் வந்தது.
உள்பக்கக் கட்டையை உருவினேன்.

ஒன்றுமேயில்லை.
தேய்ந்து தேய்ந்து
வெறும் இரும்புத் தகடு.
றோட்டரில் இசைத்தட்டுப்போல் வரிவரியாய்
இந்தப் பனிக்காலம் முழுக்கப் பதிவாகியிருந்தது.

குற்றம் கட்டையில் இல்லை.
வழுக்கிக் கொடுக்கவேண்டிய ஊசி,
சுண்டுவிரலளவு இரும்பு,
தெருவுப்பில் ஊறித் துளையோடு ஒட்டிப்போய்
அசையமாட்டேன் என்றது.
அது அசையாததால்
ஒன்று முழுப்பாரமும் சுமக்க
மற்றது எதிரே நின்று
வடிவு குலையாமல் இருந்திருக்கிறது.

இதில் யாரையும் நான் நினைக்கவில்லை.
சரி, நினைத்தேன்.
சுத்தியலால் தட்டிக்கொண்டே நினைத்தேன்.
நாற்பதாவது தட்டில் ஊசி வந்தது.

கம்பித் தூரிகை. புது கிறீஸ்.
பழைய கட்டையை அணைகொடுத்து
பிஸ்டனை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினேன்,
அவசரப்பட்டால் மேலே எண்ணெய் வழியும்.
வலப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை,
ஆனாலும் அதற்கும் புதுக் கட்டை, புது றோட்டர்,
சோடியாகத்தான் மாற்றவேண்டும்.
இருநூற்றுப் பதினெட்டு டொலர்.
நகத்துக்குள் போன கறுப்பு இலவசம்.

முதல் மிதி பாதாளம்வரை போனது.
நெஞ்சு பகீரென்றது.
நின்ற இடத்திலேயே ஐந்தாறு தரம் மிதித்தேன்,
கடைசியில் காலடியில் கல்.

திங்கள், மூன்றே முக்கால்.
சந்தியில் சிவப்பு.
மிதித்தேன். கார் நின்றது.
அவ்வளவுதான்.
இருக்கையில் சாப்பாட்டுப் பெட்டிக்குள்
கரண்டி உருண்டது கேட்டது.

பின்னேரம், மேல்வீட்டு மேரிவிக்
இடுப்பில் கைவைத்தபடி படியில் நின்றாள்.
முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலைமுறை.
"உன் காருக்கு என்ன?"
திருத்திவிட்டேன், நானேதான் என்று
நகங்களைக் காட்டினேன்.
"அதுதானே!
மூன்று மாதமாக
நீ மூலையில் கத்தினால் நான் எழும்புவேன்.
இன்றைக்கு பஸ் போய்விட்டது."

பெருமைப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா?
நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய், அதே மூன்றே முக்கால்.
இரண்டாவது மணியில் எடுத்தாள்.
"கீச்," என்றேன்.
சிரிக்காமல்
வைத்துவிட்டாள்.
மேல்வீட்டில் விளக்கு எரிந்தது.