மூன்றே கால் மணி

திங்கள், புதன், சனி.
மூன்றே காலுக்குப் போன் அதிரும்.
சூசைமாணிக்கம் புரள்வதற்குள் நான் எழுந்துவிடுவேன்.
வரக்காப்பி, பீடிக்கட்டு, டோக்கன் சீட்டு.
தங்கச்சிமடத்து மணலில்
வெறுங்கால் நடை கேட்காது.
நாய்க் குரைப்பு தெருத் தெருவாய் நகர்வதை வைத்து
இந்நேரம் ஐஸ் கம்பெனி, இந்நேரம் கரை என்று
நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்.

குழாயில் தண்ணீர் வர ஐந்தே கால்.
எனக்கென்று இருப்பது நடுவில் உள்ள அந்த இரண்டு மணி நேரம்.
மற்றவர்கள் அசதிக்குத் தூங்குகிறார்கள்.
நான் தூங்குவது
கனவுக்குள் நின்று ‘இது கனவு’ என்று
ஒரு தடவை சொல்லிப் பார்க்க.

அதற்கு அடையாளம் வைத்திருக்கிறேன்.
பகல் முழுக்க ஜெராக்ஸ் கடை:
ரேஷன் கார்டு, படகு லைசென்ஸ்,
அக்கரையில் பிடிபட்டவர்களுக்காக மனு, மூன்று பிரதி.
எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பேன்.
விழித்திருக்கும்போது
இரண்டாம் முறையும் அதே பெயர்.
கனவில் மாறும்.
‘பிறந்த தேதி’ என்றிருந்த இடம்
திரும்பப் பார்த்தால் ‘பிடித்த மீன்’.
அங்கேதான் பிடி.

அங்கே போய்ச் சேர, முதலில் தூக்கம் வரவேண்டுமே.

ஒரு மாதம் முழுக்கத் தோற்றேன்.
மணி பார்த்தேன். மூன்று ஐம்பது. நாலு பத்து.
இன்னும் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று கழித்தேன்;
கழித்தல் கணக்கு தூங்கவிடாது.
நூறிலிருந்து பின்னால் எண்ணினேன்,
அறுபத்தெட்டில் கரண்ட் பில் வந்து நின்றது.
ஜெபமாலை எடுத்தேன்,
மாதாவிடம் போய் அரைத்தூக்கத்தில் பேசுகிறோமே என்ற கூச்சத்தில்
முழுசாய் விழித்தேன்.
சில நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.
தூக்கம் வந்தது, நான் போகவில்லை.
மரியபுஷ்பம் குடத்தைத் தட்டும்போதுதான் முழிப்பு.

ஒரு செவ்வாய், அவர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார்.
“நடுக்கடல்ல எப்பிடித் தூங்குறிய?”
“நங்கூரம் போட்டுட்டுத்தான்.”
“அது இழுக்காதா?”
“இழுத்துக் கட்டுனா அலை அத்துட்டுப் போயிரும்.
மூணு பாகம் ஆழம்னா ஒம்பது பாகம் கயிறு.”
அவ்வளவுதான் பேச்சு. நூல் தீர்ந்துபோயிருந்தது,
கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

இப்போது போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
விளக்குப் போடுவதில்லை,
காப்பிக்கு அடுப்பின் நீலமே போதும்.
தண்ணீர் ஒரு வாய்.
அவர் படுத்த பக்கம் போய்ப் படுக்கிறேன்,
சூடு இன்னும் மிச்சமிருக்கும்.
ஒரு கால் மட்டும் போர்வைக்கு வெளியே.
அடிப்பது வாடையா கச்சானா?
பதில் தேவைப்படாத கேள்வி.
‘தாளை இரண்டு முறை படி’ என்று ஒரே ஒரு தரம்
சொல்லிக் கீழே இறக்குகிறேன்.
பிறகு கயிறு.
கயிறு ஈரம்
கலர் பிரதி ஐந்து ரூபாய்
நண்டுக்கு இரண்டு பக்கமும் எடுக்கணுமா அண்ணே
எடுக்கணும், ஓடிட்டே இருக்கு

போன சனிக்கிழமை, கடையில் நிற்கிறேன்.
யாரோ என் ஆதாரையே என்னிடம் நீட்டினார்.
ரெக்சலின், பெண்.
திரும்பப் படித்தேன்.
ரெக்சலின், நீரோட்டம்.

அட.

பறந்திருக்கலாம். எங்கேயும் போயிருக்கலாம்.
ஷட்டரைத் தூக்கினேன்.
தெரு இருந்த இடத்தில் முழங்கால் ஆழக் கடல், நல்ல வெயில்.
தூரத்தில் அவர் படகு. கூப்பிடவில்லை.
என் கையைப் பார்த்தேன்,
விரலிடுக்கில் கருப்பு மை இல்லை.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு குழாயில் காற்று,
தண்ணீருக்கு முன்னால் வரும் அந்த உறுமல்.
நோட்டில் எழுதினேன்: நாலு நிமிடம் இருக்கும்.
குடம் பிந்தி வைத்ததால் பாதிதான் நிறைந்தது.

இன்றைக்கு வெள்ளி. போன் அதிரவில்லை.
மூன்றே காலுக்குத் தானாகவே விழிப்பு.
அவர் குறட்டையோடு அந்தப் பக்கத்தில்,
சூடு முழுக்க அவருக்கடியில்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க.”

கண் திறக்காமலே தள்ளிப் படுத்தார்.