மூன்று டிசம்பர்கள்

அல்காசர் மணல்மேட்டில்
குடைவிரித்த பைன்கள்.
அறுவடைக்கு நாலு நாள் இருக்கையில்
இரவோடிரவாக யாரோ
கொக்கி போட்டிருக்கிறார்கள்.

எர்மிலிந்தா குனிந்து பொறுக்குகிறாள்.
முற்றிய காய் ஒன்றுகூட மிச்சமில்லை.
தொலையட்டும்.
மூன்று வருடம் கிளையில் இருந்தாயிற்று,
எப்படியும் இறங்க வேண்டியதுதான்.

ஆனால் ஒடிந்து கிடப்பவை:
நெல்லிக்காய் அளவில் வருகிற வருடம்,
சுண்டைக்காய் அளவில் அதற்கடுத்தது.

வெறும் மணல் போதும் என்ற மரம்.
ஒட்டுக்கட்டிய பிறகும்
ஆறு கோடை வெறுங்கையோடு
அவளைத் திருப்பி அனுப்பிய மரம்.

"எத்தனை கிலோ?"
ஜீப்பில் சாய்ந்தபடி காவலர் வலேரியோ.

அவள் பானெட்டின் மேல்
மடியை உதறுகிறாள்.
பச்சைப் பிஞ்சுகள் உருள்கின்றன,
சில அவர் பூட்ஸ்வரை.

"களவு போன தேதி?"

படிவத்தில் ஒரே கட்டம்.
பேனாவை வாங்கிக்கொள்கிறாள்;
பிசினில் ஒட்டிக்கொள்கிறது அது,
விரலை விடவில்லை.