செயப்பாட்டு வினை

செவ்வாய், இரவு ஏழரை. ஜெலுத்தோங்கில்
மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேல் மூன்றாவது மாடி.
ஏர்கோன் ஒரு பக்கத்தை மட்டும் குளிர்விக்கும்.
அந்தப் பக்கத்தைக் கணக்கியல் பிள்ளைகள்
ஆறு மணிக்கே வந்து பிடித்துவிடுவார்கள்.
பாயான் லெப்பாஸில் பகல் ஷிப்ட் முடித்து
பாலத்துக்குத் திரும்பும் வண்டிகளுக்குள் நெளிந்து வரும் எங்களுக்கு
ஜன்னலோரம், புழுக்கம்,
கீழே பஞ்சர் ஒட்டும் வாசம்.

பாடம்: தொழில்நுட்ப எழுத்தும் வணிகக் கடிதமும்.
மிஸ் ஓங் வெள்ளைப் பலகையில் மூன்று விதி எழுதினார்:
சுருக்கமாக.
தெளிவாக.
ஆளைச் சொல்லாமல்.

'இயந்திரம் பழுதடைந்திருந்தது', சரி.
'பழுது பார்க்க சூப்பர்வைசர் விடவில்லை', தவறு.
இரண்டாவது அறிக்கை இல்லை, வம்பு என்றார்.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

ஆறு வாரத்தில் நிறைய வந்துவிட்டது எனக்கு.
காசு பாக்கி வைத்தவனுக்கும்
'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்குவேன்.
முடியாது என்ற ஒரு சொல்லை
'தற்போதைய சூழலில் இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று
நாலு முழம் நீட்டுவேன்.
தம்பி மோட்டார் கேட்டபோது அப்படியே சொல்லிப் பார்த்தேன்.
சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்:
"டேய், பேங்க்காரன் மாதிரி பேசாத."

மூன்றாவது பயிற்சி, விபத்து அறிக்கை.
சொந்த வேலையிடம், இருநூறு சொல், பதினைந்து மதிப்பெண்.
பக்கத்து மேசைக்காரன் கற்பனையாக ஏணி ஒன்றைச் சாய்த்தான்.
எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி பதினெட்டு, பிற்பகல் மூன்று பத்து.
நான்காம் எண் பிரஸ்.
யோகேஸ்வரி. வலது கை ஆட்காட்டி விரல்,
முதல் கணுவோடு.
தடுப்புக் கம்பியைக் கழற்றியது யாரென்று தெரியும்.
கழற்றினால் மணிக்கு நாற்பது துண்டு கூட வரும் என்றது
யாரென்றும் தெரியும்.
ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்.

ஆங்கிலத்தில் எழுதினேன். அழகாக வந்தது.
தடுப்பு அகற்றப்பட்டிருந்தது.
கை உள்ளே வைக்கப்பட்டது.
விரல் நசுக்கப்பட்டது.
எழுதி முடித்து வாசித்தால்
அந்தத் தொழிற்சாலையில் ஓர் ஆள் இல்லை.
தடுப்பு தானே இறங்கிப் போய்
சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

பதினைந்துக்குப் பதின்மூன்று.
ஓரத்தில் பச்சை மையில்: 'மிக நன்று. பற்றில்லாத நடை.'

கடைசி பஸ்ஸில் அதையே தமிழில்
வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தேன்.
நசுக்கப்பட்டது.
செய்தவனை எடுத்து வெளியே விட்ட பிறகும்
வால் மாதிரி ஒரு 'பட்டது' மிச்சம் நிற்கிறது.
அடிபட்டது, பாடுபட்டது, கடன்பட்டது,
எல்லாவற்றிலும் இருக்கிற அதே பட்டது.
பட்டது யார் என்று கேட்காமல் அது போகாது போல.
சுங்கை நிபோங்கில் இறங்க மறந்து
இரண்டு நிறுத்தம் தள்ளி நடந்தேன்.

யோகேஸ்வரி இப்போது பேக்கிங்கில்.
டேப்பை நடுவிரலால் கிழிக்கப் பழகிவிட்டாள்,
எங்களைவிட வேகம்.
நேற்று கேண்டீனில் மைலோ ஐஸ் டம்ளரை நகர்த்திவிட்டு
மடித்த தாள் ஒன்றை வைத்தாள்.
"சொக்சோவுக்கு, கூட இருந்த ஆளு லெட்டர் தரணுமாம்.
நீதான் கிளாஸ் போறியே.
நல்லா எழுதுவேன்னு சொன்னாங்க."

நல்லாத்தான் எழுதுகிறேன்.
பதின்மூன்று வாங்கினதை அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு முதல் வரி வந்தது:
'தடுப்பைக் கழற்ற ஸ்பானர் கொடுத்தது நான்.'
சுருக்கமாக இருக்கிறது. தெளிவாகவும் இருக்கிறது.
இதற்குக் கீழே இன்னும் இரண்டு பெயர் எழுத வேண்டும்,
அதில் ஒருவர்தான் என் ஓவர்டைம் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்.

பிரிண்ட் கடை பத்து மணிக்குத் திறக்கும்.
ஒரு பக்கம் முப்பது காசு.
சில்லறை எண்ணி வைத்திருக்கிறேன்.